தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையை விடியலில் படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாடுதுறை மாவட்டத்துக் கடலோரத்தில், காரைக்காலுக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறது தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் அங்கே கட்டிய டான்ஸ்போர்க் கோட்டைக்கு விடியற்காலையில் கேமராவோடு போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. கேமராவே புதிது என்பவர்களுக்கும் புரியும்படி எழுதியிருக்கிறேன். செட்டிங் மட்டும் போதும் என்பவர்கள் நடுவில் உள்ள அந்தக் கேள்விக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் இங்கே செட்டிங்கைவிட எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் படத்தைத் தீர்மானிக்கிறது.

சூரியன் கடலிலிருந்து எழுகிறது, கோட்டை கரையில் இருக்கிறது. கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது?

சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். என் அனுபவத்தில் இந்த ஊரில் படமெடுக்கத் தேவையான அறிவில் பாதி இதுதான்.

விடியற்காலையில் கடற்கரையில் நிற்பவர்கள் எல்லோரும் கிழக்கே பார்த்துத்தான் நிற்பார்கள். கடல், வானம், செக்கச் சிவந்த வட்டம் என்று நூறு படம் எடுப்பார்கள். அந்தப் படங்களை வேளாங்கண்ணியிலும் எடுக்கலாம், மெரினாவிலும் எடுக்கலாம். தரங்கம்பாடிக்கு என்று இருக்கிற காட்சி அவர்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருக்கும். கோட்டையின் பிரதான இரண்டடுக்குக் கட்டடம் கடலைப் பார்த்த கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் வெயில் எந்த மரமும் வீடும் மறிக்காமல் நேராக அதன் முகத்தில் வந்து விழும். பகலில் சோகையாகத் தெரியும் அந்தச் சுவர் அப்போது சந்தனமும் செம்மண்ணும் குழைத்துப் பூசியதுபோல ஆகிவிடும். பின்னால் மேற்கு வானம் இன்னும் நீலம் கலையாமல் இருக்கும். சூடான சுவருக்கும் குளிர்ந்த வானத்துக்கும் உள்ள இந்த வேறுபாடு சில நிமிடங்கள்தான் நீடிக்கும்.

நேர்வெயில் கட்டடத்தைத் தட்டையாகக் காட்டும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதற்கும் வழி உண்டு. சுவருக்கு நேர் எதிரே நிற்காமல் கரையோரமாக வடக்கிலோ தெற்கிலோ ஐம்பது அறுபது அடி தள்ளி நின்று, மூலைவாட்டில் பாருங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் சுவரின் மேடு பள்ளம், காரை உதிர்ந்த இடம், ஜன்னல் குழிவு எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும்.

சூரியனும் கோட்டையும் ஒரே படத்தில் வேண்டும். வழியே இல்லையா?

இருக்கிறது, ஆனால் மாதத்தைப் பொறுத்தது. சூரியன் வருடம் முழுக்கச் சரியாகக் கிழக்கிலேயே எழுவதில்லை. இந்த ஊரின் அட்சரேகையான சுமார் 11 டிகிரியில், ஜூன் மாதக் கடைசி வாரங்களில் கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளி எழும். டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளி எழும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் மூன்றாம் வாரத்தை ஒட்டி நேர்கிழக்கு.

இதை வைத்துக் கணக்குப் போடலாம். டிசம்பர், ஜனவரியில் கோட்டைக்கு வடக்கே கடற்கரையில் நின்று தெற்கே பாருங்கள். கோட்டை வலப்பக்கமும் சூரியன் இடப்பக்கமும் விழும். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 65 டிகிரி இருக்கும். ஃபுல்ஃபிரேம் கேமராவில் (படம் பதியும் சென்ஸார் 36 மில்லிமீட்டர் அகலமுள்ளது) 24 மில்லிமீட்டர் லென்ஸ் கிடைமட்டமாக 74 டிகிரி பார்க்கும், ஆகவே இரண்டும் உள்ளே வந்துவிடும், நெருக்கித்தான். ஜூனில் இதைத் தலைகீழாக்குங்கள்: தெற்கே நின்று வடக்கே பார்த்தால் கோட்டை இடப்பக்கம், சூரியன் வலப்பக்கம்.

கோட்டை கறுத்துத் தெரியும் நிழலுருப் படம் வேண்டுமென்றால் கோட்டையை உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் கொண்டுவர வேண்டும். குளிர்மாதங்களில் கோட்டைக்கு வடமேற்கே உள்ள திறந்த வெளிப் பக்கம் போங்கள். ஆனால் அங்கிருந்து பார்க்கும்போது உதய நேரத்திலேயே சூரியன் தெரியாது. எட்டு மீட்டர் உயரச் சுவரை நூறு மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், சூரியன் அதைத் தாண்டி மேலே வரக் கால் மணி நேரமாவது ஆகும். அதற்குள் சிவப்பு போய் வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கும். அதனால் நிழலுருவை உதயத்துக்கு முன்பே, வானம் மட்டும் நிறம் மாறியிருக்கும்போது எடுத்துவிடுவது நல்லது. சுவரின் விளிம்பும் அப்போதுதான் கத்தரித்தது போலத் தெரியும்.

எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும்?

மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் உதயம் 5.47 மணியை ஒட்டி இருக்கும், அதுதான் வருடத்திலேயே மிகச் சீக்கிரம். மிகத் தாமதம் டிசம்பரில் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஜனவரி கடைசியில்தான், அப்போது 6.35 ஆகிவிடும். மற்ற மாதங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்.

உதயத்துக்கு 40 நிமிடம் முன்பே இடத்தில் நின்றுவிடுங்கள். நம் பக்கம் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிறது. விளிம்பு தெரிந்து முழு வட்டமும் வெளியே வர இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும். இருபது நிமிடத்தில் ஐந்து டிகிரியும், நாற்பது நிமிடத்தில் பத்து டிகிரியும் ஏறிவிடும். ஐரோப்பியப் படக்காரர்கள் ஒரு மணி நேரப் பொன்னொளி என்று சொல்வதை நம்பி இங்கே டீ குடித்துக்கொண்டிருந்தால் ஒன்றும் மிஞ்சாது.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி முதல் மார்ச் நடு வரை. மழை விட்டிருக்கும், வெக்கை தொடங்கியிருக்காது. அடிவானத்தில் மட்டும் புழுதியும் ஈரமும் கலந்த பட்டை ஒன்று அடிக்கடி நிற்கும். சூரியன் கடலைத் தொட்டு எழாமல் அந்தப் பட்டைக்கு மேலே திடீரென்று சிவந்து தோன்றும். ஏமாற்றமாகத் தோன்றினாலும், வெளிச்சம் மிருதுவாக வருவதால் சுவருக்கு அது நல்லதுதான்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சூதாட்டம்தான். நான்கு நாள் மூடிக்கிடந்து ஐந்தாம் நாள் வானமே பற்றி எரிவதும் உண்டு. புயல் எச்சரிக்கை இருக்கும்போது மட்டும் போகாதீர்கள்.

கோட்டைக்குள்ளே நின்று உதயத்தை எடுக்க முடியுமா?

முடியாது. கோட்டை தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. உள்ளே அருங்காட்சியகம் இருப்பதால் திறப்பது அலுவலக நேரத்தில்தான். உதயப் படம் எல்லாமே வெளியிலிருந்துதான். திறந்தபிறகு உள்ளே போனால், மேல்மாடத்துப் பீரங்கிகளையும் வளைவுக் கூரைகளையும் நிதானமாக எடுக்கலாம். வெயில் ஏறியபின் வெளிப்புறம் வெளுத்துப்போகும், உள்ளே அறைகளில் அப்போதுதான் வெளிச்சம் அழகாகப் பரவும். ஆகவே விடியலில் வெளியே, முற்பகலில் உள்ளே என்று பிரித்துக்கொள்ளலாம்.

செட்டிங் என்ன வைப்பது?

தொடங்குவதற்கான எண்களைத் தருகிறேன். கேமராவில் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உதயத்துக்கு 20 நிமிடம் முன்பு, ட்ரைபாடில்: ஐஎஸ்ஓ (சென்ஸாரின் வெளிச்ச உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 8, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) நான்கைந்து விநாடி. அலை பனிபோலப் பரவும், சுவர் அசையாமல் நிற்கும். உதயத்துக்குப் பத்து நிமிடம் முன்பு அதே எஃப் 8இல் அரை விநாடியை ஒட்டி வந்துவிடும். சூரியன் எழுந்து பத்து நிமிடம் ஆனபின் 1/60 விநாடி அளவில் கையிலேயே பிடித்து எடுக்கலாம். இந்த அரை மணி நேரத்தில் வெளிச்சம் ஓடுகிற ஓட்டத்தில் ஒருமுறை வைத்த மேனுவல் செட்டிங்கை அப்படியே விட்டுவிட்டால் அடுத்தடுத்த படங்கள் வெளிறிவிடும். ஹிஸ்டோகிராமை (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தை) ஒவ்வொரு சில படத்துக்கும் ஒருமுறை பாருங்கள்.

ஒயிட் பேலன்ஸ், அதாவது எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் நிறச் செட்டிங், முக்கியம். அதை ஆட்டோவில் விட்டால் கேமரா அந்த மஞ்சளைக் கோளாறு என்று நினைத்துத் திருத்திவிடும். நீங்கள் தூக்கம் கெட்டு எழுந்து வந்ததே அந்த மஞ்சளுக்காக. டேலைட், அதாவது 5200 முதல் 5500 கெல்வின் வரை வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். ரா கோப்பில் (சென்ஸார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்தால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் திரையில் சரியான நிறம் தெரிந்தால்தான் அங்கேயே சரியாக முடிவெடுக்க வரும்.

சூரியனும் படத்தில் இருந்தால் வெளிச்ச வேறுபாடு ஒரே படத்தில் அடங்காது. பாதி கறுத்த ஃபில்டர்கள் கடலுக்குச் சரி, இங்கே கோட்டை அடிவானத்துக்கு மேலே நிற்பதால் அதன் தலையும் சேர்ந்து இருண்டுவிடும். மூன்று படம், இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) கூட்டியும் குறைத்தும் எடுத்து, வீட்டில் சேர்ப்பதுதான் சுத்தமான வழி. பழைய எஸ்எல்ஆர் கேமராவில் தூரத்தைப் பெரிதாக்கும் டெலி லென்ஸ் மாட்டி, வியூஃபைண்டர் வழியாகச் சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். கண் போய்விடும்.

கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த சூரியன் படத்தில் புள்ளியாக வருகிறதே?

சூரியனின் அகலம் வானத்தில் அரை டிகிரிதான். அடிவானத்தில் பெரிதாகத் தெரிவது நம் மூளையின் வேலை. 24 மில்லிமீட்டர் லென்ஸில் அது சென்ஸாரில் கால் மில்லிமீட்டருக்கும் குறைவாக விழும். 200 மில்லிமீட்டரில் ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டர். பெரிய சூரியன் வேண்டுமென்றால் பெரிய லென்ஸ் போட்டு, கோட்டையைவிட்டு நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும். நமக்கோ தள்ளி நிற்க மேற்கே ஊர் இருக்கிறது. பெரிய சூரியன் ஆசையைக் கட்டுமரங்களோடு தீர்த்துக்கொள்ளுங்கள்.

போனில் எடுத்தால் வராதா?

நன்றாகவே வரும். லென்ஸைத் துடைத்துக்கொள்ளுங்கள், கடற்காற்றில் அது எண்ணெய் பூசினாற்போல ஆகியிருக்கும். கோட்டைச் சுவரை விரலால் அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (படத்தில் விழும் வெளிச்ச அளவு) பூட்டுங்கள், அப்புறம் வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். டிஜிட்டல் ஜூம் வேண்டாம், நடந்து போங்கள். அல்ட்ராவைடில் சுவர்கள் உள்பக்கம் சாயும். போனை நேராக நிமிர்த்திப் பிடித்தால் சாய்வு போய்விடும், முன்னால் மணல் அதிகம் விழுவதை வெட்டிக்கொள்ளலாம்.

ஓதம் பார்த்துப் போக வேண்டுமா?

குஜராத் கடற்கரையில் எடுப்பவர்களுக்கு அந்தக் கவலை இருக்கும். இந்தக் கரையில் ஏற்ற இறக்கத்துக்கு உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஓதத்தைவிட அன்றைய அலைதான் பேசும். அலை திரும்பும்போது ஈர மணல் இரண்டு மூன்று விநாடி கண்ணாடியாகும், கோட்டை அதில் தலைகீழாகத் தெரியும். கேமராவை முழங்காலுக்குக் கீழே இறக்கி, தொடர்ச்சியாக எடுங்கள். கடலரிப்புக்காகக் கொட்டியிருக்கும் பாறைகளில் பாசி வழுக்கும், அவற்றின்மேல் ட்ரைபாடை நிறுத்தாமல் இருப்பதே மேல்.

பௌர்ணமியன்று போனால் ஏதாவது விசேஷமா?

அன்றைவிட மறுநாள் காலை. பௌர்ணமியன்று நிலா மறைவதும் சூரியன் எழுவதும் ஏறக்குறைய ஒரே நேரம். மறுநாள் நிலா முக்கால் மணி நேரம் போலத் தாமதித்து மறையும். அதாவது சூரியன் எழும்போது மேற்கே பத்து டிகிரியை ஒட்டிய உயரத்தில் நிலா நிற்கும். கிழக்கு வெயில் சுவரில், நிலா சுவருக்கு மேலே, இரண்டுக்கும் வெளிச்சம் ஒத்துப்போவதால் ஒரே எக்ஸ்போஷரில் இரண்டும் பதிவாகும். இது மாதத்தில் ஒருநாள் கிடைக்கிற வாய்ப்பு. நாள்காட்டியில் பௌர்ணமி என்று போட்டிருப்பதை மட்டும் பார்க்காமல், நிலா மறையும் நேரம் உதயத்துக்கு 30 முதல் 50 நிமிடம் பின்னால் வருகிற நாளைத் தேர்ந்தெடுங்கள்.

நிற்கும் இடம் சூரியக் கணக்குக்கு நேர்மாறு. குளிர்காலப் பௌர்ணமி நிலா வடமேற்கில் இறங்கும், ஆகவே கரையில் கொஞ்சம் தெற்கே தள்ளி நில்லுங்கள். கோடையில் தென்மேற்கில் இறங்கும், வடக்கே தள்ளி நில்லுங்கள்.

வானம் மூடியிருந்தால் திரும்பிவிடலாமா?

வேண்டாம். மூடிய வானத்தில் சுவரின் நிறமும் விரிசலும் நிழலில்லாமல் சீராகத் தெரியும். வானத்தைப் படத்திலிருந்து வெட்டிவிட்டுச் சுவரையும் மணலையும் மட்டும் எடுங்கள். கறுப்பு வெள்ளைக்கு இது நல்ல நாள்.

லென்ஸில் ஆவி படிகிறது, உப்பு ஒட்டுகிறது. என்ன செய்வது?

ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்கு வந்தால் கால் மணி நேரம் கண்ணாடி மங்கியே இருக்கும், அந்தக் கால் மணி நேரம்தான் நமக்கு வேண்டியது. கேமராப் பையை இரவே ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். துடைத்தால் மறுபடி படியும், காத்திருப்பதுதான் மருந்து.

உப்புத்துளியைக் காய்ந்த துணியால் தேய்க்கக் கூடாது, கீறல் விழும். முன்னால் ஒரு யூவி ஃபில்டர் போட்டு, அதைத் தூய நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். அறைக்கு வந்ததும் ட்ரைபாட் கால்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் அடுத்த வாரம் அவை திறக்காது.

மீனவர்களைப் படமெடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுக்கலாம். காலையில் ஃபைபர் படகுகள் கரையேறும், வலையிலிருந்து மீன் பிரிப்பார்கள், அது அவர்களுடைய வேலை நேரம். “அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிட வேண்டும். படகு தள்ளும்போது குறுக்கே நிற்பது ஆபத்து. விரித்த வலையின்மேல் செருப்புக்காலோடு நடப்பதைப்போல அவர்களுக்கு எரிச்சல் தருவது வேறில்லை. 2004 சுனாமி இந்த ஊரைக் கடுமையாகத் தாக்கியது. கடலைப் பின்னணியாக வைத்து ஒருவரிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே படமெடுக்கும் வழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் அப்போது போகாது.

டிரோன் விடலாமா? திருமணப் படப்பிடிப்பு?

டிரோனுக்கு 2021 டிரோன் விதிகளின்படி பதிவும், அந்த இடம் எந்த நிற மண்டலத்தில் (பறக்கலாமா, அனுமதி வேண்டுமா என்று காட்டும் பச்சை, மஞ்சள், சிவப்பு) வருகிறது என்ற சரிபார்ப்பும் வேண்டும். அது போக, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின்மேல் பறக்கத் தொல்லியல் துறையிடம் தனியாகக் கேட்க வேண்டும். வணிகப் படப்பிடிப்புக்கும் அப்படியே, முன்கூட்டி எழுத்தில் அனுமதி. எனக்குக் கேட்டால், கோட்டையின் அழகு மணலில் நின்று அண்ணாந்து பார்ப்பதில்தான் இருக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் ஒரு கூரையும் ஒரு முற்றமும்.

கோட்டையைத் தவிர அந்த நேரத்தில் வேறென்ன எடுக்கலாம்?

வடக்கே கரையோரம் மாசிலாமணிநாதர் கோயில். 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோட்டையையும் கோயிலையும் ஒரே காலையில் எடுப்பதாக இருந்தால் முதலில் கோட்டை, வெளிச்சம் ஏறியபின் கோயில்.

ராஜ வீதி கிழக்கு மேற்காக ஓடுகிறது. அதன் மேற்கு முனையில் 1792இல் கட்டிய நகர வாயில். மார்ச், செப்டம்பர் மூன்றாம் வாரங்களை ஒட்டி, தெருவின் திசையை வரைபடத்தில் சரிபார்த்துக்கொண்டு வாயிலருகே நின்றால் வெயில் தெரு நெடுக வருவதைப் பார்க்கலாம். அதே தெருவில் 1701இல் கட்டிய சீயோன் ஆலயமும், ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு 1718இல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயமும் இருக்கின்றன.

ஓசோன் நிறைந்த காற்று என்று ஊரில் பலரும் சொல்வார்கள். அது படத்தில் விழாது.

படத்துக்குக் கீழே ‘டச்சுக் கோட்டை’ என்று போடலாமா?

கூடாது, இது அடிக்கடி நடக்கிறது. டச்சுக்காரர்கள் ஒல்லாந்தர், அவர்கள் கோட்டை சதுரங்கப்பட்டினத்தில் இருக்கிறது. இவர்கள் டென்மார்க்குக்காரர்கள். 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, டேனிஷ் தளபதி ஓவே கியெட்டே இந்த இடத்தைப் பெற்றார். ஆண்டு வாடகை 3,111 ரூபாய். நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஓலையில் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1845இல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் செராம்பூரும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர் கைக்கு மாறின. படத்தின் கீழே இவ்வளவும் வேண்டாம், ‘டேனிஷ்’ என்பது மட்டும் சரியாக இருந்தால் போதும்.

எங்கே தங்குவது, எப்படிப் போவது?

விடியலுக்கு முன் அங்கே நிற்க வேண்டுமானால் ஊரிலேயே தங்குவதுதான் நிம்மதி. இடங்கள் குறைவு, விடுமுறை நாட்களில் முன்பதிவு தேவை. அடுத்த வழி, பொறையாரிலோ காரைக்காலிலோ தங்கி, ஒரு ஆட்டோவை இரவே பேசிவைத்துக்கொள்வது. ரயில் நிலையம் மயிலாடுதுறை. அங்கிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது, 1980களில் நின்றுபோனது, இப்போது பேருந்துதான்.

இதே முறை மற்றக் கடற்கரைக் கோட்டைகளுக்கும் பொருந்துமா?

கிழக்குக் கரையில் இருப்பவற்றுக்குப் பெருமளவு பொருந்தும். சதுரங்கப்பட்டினத்துக் கோட்டை, கன்னியாகுமரிக்கு அருகே உள்ள வட்டக்கோட்டை இரண்டும் காலை வெயிலுக்குத்தான். காசர்கோட்டுப் பேக்கல் கோட்டை மேற்குக் கடலைப் பார்த்தது, அங்கே சூரியன் கடலில் இறங்கும். அலாரத்தை மாலைக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.